மன்னார்க் கடலின் முத்து வாணிகம்

கொழும்புத் துறைமுகத்தை அடுத்துள்ள கொச்சிக்கடையிலிருந்து செட்டியார் தெருவழியே நடந்து செல்வோர், இரு மருங்கும் நிரல்பட விளங்கும் நகைக் கடைகளைக் காணாது செல்லுதல் இயலாது. பொன்னும் மணியும் மின்னும் கண்ணாடிப் பேழைகளில் முத்துச் சரங்களும் உண்டு. அவற்றுட் பெரும்பாலானவை இன்று அயல்நாட்டு நீர்ப் பண்ணைகளில் மனிதன் வளர்த்தெடுத்தவை. ஆயினும் ஒரு காலத்தில் முத்து இத்தெருவுக்கு அயற்பொருளாக இருந்ததில்லை. இத்தெருவைத் தம் கொழும்பு நிலையமாகக் கொண்டிருந்த நாட்டுக்கோட்டைச் செட்டிமார், மன்னார்க் கரையில் நிகழ்ந்த முத்துக்குளிப்பில் பெரும்பொருள் முதலிட்டவருள் முதன்மையானோர். அக்கரையிலே சில வாரங்களுக்கு மாத்திரம் ஒரு நகரம் தோன்றும். உலகின் பல மூலைகளிலிருந்தும் மக்கள் அங்கே கூடுவர். பின்னர் அது மணலோடு மணலாய் மறையும். அந்நகரில் நிகழ்ந்த வாணிகம் எத்தகையது, அதனால் ஊதியம் பெற்றவர் யாவர், இழப்பைச் சுமந்தவர் யாவர் என்பவற்றை ஆராய்தல் பயனுடைத்தாகும்.

மன்னார் மாவட்டத்தின் தென்பகுதிக் கரையில் அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி என்னும் ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்துள்ளன. மழை குறைந்த, முட்புதர் அடர்ந்த, மணற்பாங்கான நிலம் அது. அக்கரைக்கு மேற்கே பல மைல் தொலைவில், ஐந்து முதல் பத்துப் பாகம் வரையிலான ஆழத்தில், கடலடியிலே பாறைத் திட்டுகள் பரந்து கிடக்கின்றன. கடலோடிகள் அவற்றைப் 'பார்' என வழங்குவர். பெரிய பார், செவல் பார், மோதரகம் பார் முதலியன அவற்றுட் பெயர் பெற்றவை. முத்துச்சிப்பி தன் நூலிழைகளால் இப்பார்களைப் பற்றிக்கொண்டு வளரும். நான்கு அல்லது ஐந்து ஆண்டுகளில் அது முதிரும். மேலும் ஓரிரண்டு ஆண்டுகள் கழியுமாயின் தானே மடியும். ஆதலின் குளிப்புக்குரிய காலம் மிகக் குறுகியது. முந்தினால் முத்து சிறுத்திருக்கும். பிந்தினால் சிப்பியே இராது. இவ்வியற்கை விதியே முத்து வாணிகத்தின் எல்லா விதிகளுக்கும் மூலமாயிற்று.

இக்கடலின் முத்துப் புகழ் மிகப் பழையது. எதிர்க்கரையிலே பாண்டியரின் கொற்கைத் துறை முத்துக்குப் பெயர்போனது என்பதைச் சங்க நூல்களால் அறிகிறோம். கி. பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்திரேயக் கடற்பயண நூல்' கொற்கையைக் குறிப்பிடுவதோடு, அங்கே முத்தெடுக்கும் வேலையில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டனர் என்றும் கூறுகின்றது. தேவநம்பியதீசன் அசோகப் பேரரசனுக்கு அனுப்பிய காணிக்கைகளுள் எட்டு வகை முத்துகள் இருந்தன என்பது மகாவமிசம் தரும் செய்தி. மன்னாரை அடுத்த மாந்தைத் துறையில் நிகழ்ந்த அகழ்வாய்வுகளிலே மேற்காசிய நாடுகளின் மெருகிட்ட மட்கலங்கள் கிடைத்துள்ளன. பாரசீகக் குடாவுக்கும் இக்கரைக்கும் இடையே கப்பல்கள் நெடுங்காலம் வந்துபோயின என்பதற்கு அவ்வோடுகளே சான்று.

11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அறிஞர் அல்பிரூனி சுவையான ஒரு செய்தியை எழுதி வைத்துள்ளார். முன்னாளில் சரந்தீவின் கடலில் முத்து இருந்தது, தம் காலத்தில் அது அற்றுப்போயிற்று, அதே காலத்தில் ஆபிரிக்கக் கரையிலுள்ள சோபாலாவில் புதிதாக முத்து தோன்றியது. ஆகவே சரந்தீவின் முத்து சோபாலாவுக்கு இடம்பெயர்ந்துவிட்டது என மக்கள் கூறுகின்றனர் என்பதே அச்செய்தி. முத்து இடம்பெயர்தல் இல்லை. எனினும் ஆண்டுக்கணக்கில் பார்கள் வெறுமையாதல் உண்மை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இக்கடலின் நிலையாமையை வணிகர் அறிந்திருந்தனர் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வழியே சென்ற மார்க்கோ போலோ முத்துக்குளிப்பின் அமைப்பையே விவரித்துள்ளார். வணிகர் கூட்டாகச் சேர்ந்து கப்பல்களோடு வருவர். சுழியோடிகளைக் கூலிக்கு அமர்த்துவர். எடுத்த முத்தில் பத்தில் ஒரு பங்கை அரசனுக்குச் செலுத்துவர். பெருமீன்களை மந்திரத்தால் கட்டுவோருக்கு இருபதில் ஒரு பங்கு கொடுப்பர் என்பது அவர் தரும் கணக்கு. இப்பங்குகளை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்வது நன்று. பின்னர் வந்த அரசுகளின் கணக்கோடு ஒப்பிடுவதற்கு அவை உதவும்.

1344ஆம் ஆண்டில் மொரோக்கோ நாட்டு யாத்திரிகரான இபின் பத்தூத்தா, புத்தளம் எனக் கருதப்படும் 'பத்தாலா'வில் யாழ்ப்பாண மன்னனாகிய ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டார். அவ்வேளையில் மன்னன் முன்னிலையில் முத்துகள் குவிக்கப்பட்டிருந்தன. அலுவலர் அவற்றைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தனர். பாரசீக மொழியை விளங்கக்கூடியவனாயிருந்த மன்னன், நீர் வந்த நாடுகளில் முத்துக்குளிப்பைக் கண்டதுண்டோ என வினவினான். பாரசீகக் குடாவிலுள்ள தீவொன்றிற் கண்டதுண்டு என்றும், ஆனால் இவற்றுக்கு நிகரான முத்தைக் கண்டதில்லை என்றும் அவர் விடை பகர்ந்தார். மகிழ்ந்த மன்னன் சில முத்துகளை அவருக்கே அளித்தான். இரு முத்துக் கடல்களும் ஒன்றையொன்று அறிந்திருந்தமையை இவ்வுரையாடல் தெளிவாக்குகின்றது.

பாரசீகக் குடாவின் கரையிலே பகுரைன், சுல்பார், சுபாரா முதலிய துறைகள் முத்தினாலேயே வாழ்ந்தவை. இன்றைய கட்டார் நாட்டிலுள்ள சுபாரா 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் செழித்து, 1811ஆம் ஆண்டில் அழிவுற்ற ஒரு மதில்சூழ் நகரம். 2013ஆம் ஆண்டில் அதன் இடிபாடுகள் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. அங்கே முத்துத் துறை என்பது வீடும் பள்ளிவாயிலும் பண்டகசாலையும் உடைய நிலையான ஊர். மன்னார்க் கரையிலோ அத்தகைய நிலையான ஊர் எழவில்லை. குடாவில் முத்துக்குளிப்பு கோடைதோறும் நிகழ்ந்தது. மன்னாரிலோ அது எப்போது வரும் என்று எவரும் உறுதி கூற இயலாது. மற்றொரு வேறுபாடும் உண்டு. குடாவின் பெருங்குளிப்பு மே மாதத்தின் பின்னரே தொடங்கும். மன்னாரிலோ இரு பருவக்காற்றுகளுக்கும் இடையே கடல் அமைதியுறும் மார்ச்சு, ஏப்பிரில் மாதங்களே ஏற்றவை. ஆதலின் அராபியச் சுழியோடிகள் மன்னாரில் மூழ்கி முடித்துத் தம் சொந்தக் கடலுக்கும் உரிய காலத்திற் சென்று சேர முடிந்தது. பிற்காலத்தில் அவர்கள் நூற்றுக்கணக்கில் இங்கு வந்தமைக்கு இக்கால ஒழுங்கு பெரிதும் துணைபுரிந்தது.

போர்த்துக்கேயர் 1560ஆம் ஆண்டில் மன்னாரைக் கைப்பற்றினர். முத்துக்குளிக்கும் பரதவர் பலர் அதற்கு முன்னரே, 1530களில், கத்தோலிக்க சமயத்தைத் தழுவியிருந்தனர். 1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் மன்னாரை வென்றனர். சுழியோடி பயன்படுத்தும் கல்லைக் கணக்கிட்டு வரி பெறும் முறையை அவர்கள் கையாண்டனர். ஆனால் கடல் அவர்களுக்கு அதிகம் வழங்கவில்லை. 1768ஆம் ஆண்டின் பின்னர் அவர்கள் காலத்தில் இக்கரையில் குளிப்பே நிகழவில்லை. ஓய்ந்திருந்த பார்களில் சிப்பி செறிந்தது. 1796ஆம் ஆண்டில் ஆட்சியைப் பெற்ற ஆங்கிலேயருக்கு அப்பேறு வாய்த்தது. அவ்வாண்டிலும் அதனையடுத்த இரண்டு ஆண்டுகளிலும் குளிப்பு குத்தகைக்கு விடப்பட்டு அவர்களுக்குப் பெருவருவாய் தந்தது.

முதல் ஆங்கிலத் தேசாதிபதியாகிய பிரடெரிக் நோர்த்து, குளிப்பைத் தாமே நேரில் மேற்பார்வை செய்வதற்கென அரிப்புக் கடற்கரையில் ஒரு மாளிகையை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பினார். கிரேக்கத் தூண்களோடு விளங்கிய அக்கட்டடத்தை ஊரார் அல்லிராணிக் கோட்டை என வழங்கலாயினர். முத்துக்குளிப்பு அரசாங்கத்துக்கு எத்துணை இன்றியமையாததாயிருந்தது என்பதை அவ்வெறுங்கரையில் எழுந்த மாளிகை ஒன்றே காட்டும்.

19ஆம் நூற்றாண்டில் குளிப்பு ஓர் ஒழுங்கான அரசாங்க நிருவாகமாக வளர்ந்தது. பருவத்துக்கு முன்னர்ப் பார்கள் சோதிக்கப்படும். சில ஆயிரம் சிப்பிகள் மாதிரியாக எடுக்கப்பட்டு, அழுகவைத்துக் கழுவப்பட்டு, கிடைத்த முத்துகள் மதிப்பிடப்படும். ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபா பெறுமதி என்ற முடிவு வெளியாகும். அதன்பின் குளிப்பு நடைபெறும் நாளும் இடமும் இலங்கையிலும் இந்தியாவிலும் விளம்பரப்படுத்தப்படும். அவ்வறிவித்தல் தூத்துக்குடி, கீழக்கரை, காயல்பட்டினம், இராமேசுவரம், யாழ்ப்பாணம், மலையாளக் கரை, பம்பாய், பாரசீகக் குடா என எங்கணும் பரவும்.

உடனே வெறுங்கரையில் நகரம் எழும். மறிச்சுக்கட்டியில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்த குளிப்புகளின்போது பல்லாயிரம் மக்கள் கூடினர். தடியும் பனையோலையும் கிடுகும் கொண்டு தெருக்கள் அமைக்கப்பட்டன. நீதிமன்றம், பொலிசு நிலையம், சிறைக்கூடம், மருத்துவமனை, தபால் தந்திக் கந்தோர் ஆகியன யாவும் சில நாட்களில் எழுந்தன. அரிசி வணிகர், துணி வணிகர், சமையற்காரர், முத்துத் துளையிடுவோர், வட்டிக்குப் பணம் கொடுப்போர், கழைக்கூத்தர், இரவலர் என எவ்வகைத் தொழிலினரும் அங்கே இருந்தனர். தமிழும் சிங்களமும் அரபும் மலையாளமும் குசராத்தியும் ஒரே தெருவில் ஒலித்தன.

நள்ளிரவின் பின்னர்த் தரைக்காற்று வீசத் தொடங்கும். அப்போது தோணிகள் பாய் விரித்துப் பாரை நோக்கிச் செல்லும். தோணிக்கு உடையவன் சம்மாட்டி. அதனைச் செலுத்துபவன் தண்டல். சுழியோடிகள் இருவர் இருவராக ஒரு கல்லைப் பகிர்ந்துகொள்வர். ஒருவன் மூழ்க மற்றவன் இளைப்பாறுவான். கயிற்றில் கட்டிய கனத்த கல்லிற் காலை ஊன்றி, வலைக்கூடையை உடன்கொண்டு, மூச்சடக்கி அவன் கீழே இறங்குவான். தமிழ்ச் சுழியோடி மூக்கைக் கையாற் பொத்துவான். அராபியன் கொம்பினாற் செய்த கவ்வியை மூக்கில் மாட்டிக்கொள்வான். ஏறத்தாழ ஒரு நிமிடமே கடலடியில் அவனுக்குரிய காலம். அதற்குள் கைக்கு அகப்பட்ட சிப்பிகளைக் கூடையில் நிரப்பிக் கயிற்றை அசைப்பான். மேலே நிற்பவன் இழுத்துக்கொள்வான். இவ்வாறு நாளொன்றுக்குப் பல முறை மூழ்கி எழுந்தவரின் செவியிலும் மூக்கிலும் குருதி கசிதல் புதுமையன்று. சுறாவுக்கு இரையானோர் மிகச் சிலரே எனினும் அச்சம் பெரிதாயிருந்தது. அவ்வச்சத்தைப் போக்குவதற்கெனக் கடல்கட்டி எனப்படுவோர் மந்திரம் ஓதிக் கரையில் நின்றனர். மார்க்கோ போலோ குறித்த அதே வழக்கம் 19ஆம் நூற்றாண்டிலும் நிலவியது. சுழியோடி அம்மந்திரமின்றி நீரில் இறங்க மறுப்பானாதலால், ஆங்கில அரசாங்கமும் அவர்களுக்குப் பங்கு அளித்து வந்தது.

பிற்பகலிற் கடற்காற்று எழும். தோணிகள் கரை திரும்பும். சிப்பி மூட்டைகள் 'கோட்டு' என வழங்கிய பெரிய அடைப்புக்குள் கொண்டுசெல்லப்படும். அங்கே ஒவ்வொரு தோணியின் சிப்பியும் மூன்று சம குவியலாக்கப்படும். இரண்டு குவியல் அரசாங்கத்துக்கு, ஒன்று தோணியாருக்கு. இன்ன குவியல் உங்களது என அலுவலர் சுட்டிய பின்னரே தோணியார் அதனை எடுக்கலாம். எந்தக் குவியல் தமக்குக் கிடைக்கும் என முன்கூட்டியே அறியாதபடியால் சமமாகப் பிரிப்பதே அவர்களுக்கு நலமாயிற்று. இது எளிய, ஆனால் நுண்ணிய ஏற்பாடு. 1906ஆம் ஆண்டில் இளம் அலுவலராக மறிச்சுக்கட்டியிற் பணிபுரிந்த இலெனாட் வூல்பு இக்கோட்டு வேலையையும் ஈயும் நாற்றமும் நிறைந்த அச்சூழலையும் பின்னர்த் தம் வாழ்க்கை வரலாற்றில் விவரித்துள்ளார். கடலில் உயிர் நீத்த அராபியச் சுழியோடியொருவனின் உடலைத் தோழர் கரைக்குக் கொணரும் காட்சி, அவர் எழுதிய சிறுகதையொன்றில் இடம்பெற்றுள்ளது.

மாலையில் அரசாங்கத்தின் சிப்பி ஏலத்துக்கு வரும். விலை பேசப்படுவது ஆயிரம் சிப்பி என்ற கணக்கில். இங்கேதான் இவ்வாணிகத்தின் உயிர்நாடி உள்ளது. விற்கப்படுவது முத்தன்று, மூடிய சிப்பி. ஆயிரம் சிப்பியில் ஒரு நல்ல முத்தும் இல்லாது போதல் உண்டு. பத்துச் சிப்பியில் ஒரு குடும்பத்தை வாழ்விக்கும் முத்து கிடைத்தலும் உண்டு. செட்டிமாரும் கீழக்கரை, காயல்பட்டினச் சோனகரும் பம்பாய் வணிகரும் ஏலத்திற் போட்டியிட்டனர். அவர்கள் பல ஆயிரங்களை ஒருங்கே வாங்குவதால், நட்டமும் ஊதியமும் ஒருவாறு சமப்பட வழியுண்டு. கோட்டுக்கு வெளியிலோ வேறொரு சந்தை நடந்தது. சுழியோடிகள் தம் பங்கை அங்கேயே சில்லறையாக விற்றனர். கூலியாளும் சமையற்காரனும் கையிலிருந்த காசுக்கு நாலைந்து சிப்பி வாங்கி, அங்கேயே கத்தியாற் பிளந்து பார்த்தனர். பெரும்பாலோர் வெறுங்கையோடு திரும்பினர்.

பெருவணிகர் சிப்பியைப் பிளப்பதில்லை. ஓடம் போன்ற தொட்டிகளில் இட்டு ஒரு வாரத்துக்கு மேல் அழுகவிடுவர். சதை கரைந்தபின் கடல் நீரூற்றிப் பன்முறை கழுவி, அடியில் தங்கும் மண்டியை உலர்த்தி முத்தைத் தெரிந்தெடுப்பர். கழுவுவோர் முத்தை ஒளித்துவிடாதபடி காவலர் கண்ணிமையாது நிற்பர். நாற்றம் காற்றோடு பல மைல் பரவும். இத்தகைய இடத்தில் நோய் பரவுதல் இயல்பே. வாந்திபேதி தோன்றிக் குளிப்பு இடைநடுவில் நிறுத்தப்பட்ட ஆண்டுகளும் உள.

முத்தைத் தரம் பிரிக்கும் கலை தமிழ்க் கரையில் நன்கு வளர்ந்திருந்தது. துளையிட்ட பித்தளைத் தட்டுகள் பத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கப்படும். 20 துளையுடைய தட்டு முதலாவது. பின்னர் 30, 50, 80, 100, 200, 400, 600, 800 எனத் தொடர்ந்து 1000 துளையுடைய தட்டில் முடியும். பெரிய முத்து முதல் தட்டில் நிற்கும். சிறியன கீழே இறங்கும். இவ்வாறு அளவு தெரிந்தபின் உருவமும் ஒளியும் நோக்கி ஆணி, அணாதாரி, கல்லிப்பு, குறுவல், மடங்கு, வடிவு, தூள் முதலிய வகைகளாகப் பிரிப்பர். குற்றமற்ற உருண்டையும் ஒளியும் உடையது ஆணிமுத்து. எடையின் அலகு மஞ்சாடி.

உயர்ந்த முத்தின் விலையைக் கணிக்கச் 'செவ்வு' என்னும் முறை இருந்தது. முத்துகளின் மொத்த மஞ்சாடி எடையை அதே எண்ணாற் பெருக்கி, வந்ததில் முக்காற் பங்கை எடுத்து, முத்துகளின் எண்ணிக்கையால் வகுத்தால் செவ்வு கிடைக்கும். நான்கு மஞ்சாடி எடையுள்ள ஒரு முத்து 12 செவ்வு. அதே நான்கு மஞ்சாடி எடை நான்கு முத்துகளிற் பரந்திருப்பின் 3 செவ்வு மாத்திரமே. எடை சமமாயினும் மதிப்பு நான்கிலொன்றாகக் குறைகின்றது. பெரிய முத்தின் அருமையை எண்ணாக மாற்றிய இக்கணக்கைக் கரும்பலகையும் கடதாசியுமின்றி மனத்திலேயே முடித்தவர் அக்காலத்து முத்து வணிகர். தரம் பிரித்த முத்துகளில் உயர்ந்தவை பம்பாய்க்கும், அங்கிருந்து பாரிசு முதலிய ஐரோப்பிய நகரங்களுக்கும் சென்றன.

இனி இவ்வாணிகத்தின் ஊதியமும் இழப்பும் எவ்வாறு பங்கிடப்பட்டன என்பதை நோக்குவோம். மார்க்கோ போலோவின் காலத்தில் அரசன் பெற்றது பத்திலொன்று. ஆங்கில அரசாங்கம் பெற்றது மூன்றில் இரண்டு. அதுவும் மூடிய சிப்பியாக விற்கப்பட்டுப் பணமாகிவிடும். சிப்பியின் உள்ளே என்ன உண்டு என்னும் கவலை அரசாங்கத்துக்கு இல்லை. அக்கவலை முழுவதும் ஏலத்தில் எடுத்தவனைச் சார்ந்தது. அவனோ பெரும்பாலும் கடன் வாங்கி வந்தவன். முத்துக் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் வட்டி வளரும். பார்கள் வெறுமையான ஆண்டுகளில் மாத்திரமே அரசாங்கம் வருவாய் இழந்தது. 1837ஆம் ஆண்டின் பின்னர் 1855 வரையிலும், 1863ஆம் ஆண்டின் பின்னர் 1874 வரையிலும், 1891ஆம் ஆண்டின் பின்னர் 1903 வரையிலும் கடல் அவ்வாறு கைவிரித்தது.

சுழியோடியின் நிலை யாது? பாரசீகக் குடாவில் சுழியோடி தன் தலைவனிடம் முன்பணம் பெற்றே பருவத்தைத் தொடங்குவான். பருவ முடிவில் கணக்குப் பார்க்கும்போது கடன் தீராது. அடுத்த ஆண்டும் அதே தலைவனுக்கே அவன் மூழ்க வேண்டும். தந்தையின் கடன் மகனைத் தொடர்ந்ததும் உண்டு. 1920களிலேயே பகுரைனில் இம்முறையைச் சீர்திருத்த முயற்சி நடைபெற்றது. மன்னாரிலோ சுழியோடி தன் பங்கைச் சிப்பியாக அன்றன்றே கையிற் பெற்றான். தோணிக்கும் கயிறு பிடித்தவருக்கும் உரியது போக எஞ்சியது அவனுடையது. அதனை உடனே விற்றுப் பணமாக்கலாம். இவ்வகையில் மன்னார் முறை மேலானதே. ஆயினும் மூன்றில் ஒன்று என்பது ஒரு நிமிட மூச்சை ஈடுவைத்தவனுக்கும் அவன் தோழர்க்கும் சேர்ந்த பங்கு என்பதையும், கரையில் நின்று எண்ணியவருக்கு மூன்றில் இரண்டு சென்றது என்பதையும் மறத்தலாகாது. வருவாய் கொழும்பு அரசாங்கக் கருவூலத்தைச் சேர்ந்தது. கரைக்குரிய முசலிப் பகுதி மக்களுக்கோ, குளிப்பு முடிந்தபின் எஞ்சியது சிப்பி ஓட்டுக் குவியலே.

1902ஆம் ஆண்டில் அரசாங்கத்தின் வேண்டுகோளின்படி பேராசிரியர் வில்லியம் எர்துமன் இலங்கைக்கு வந்தார். அவரும் அவர் துணைவர் சேமிசு ஓர்ணலும் பார்களை ஆராய்ந்தனர். அவ்வாராய்ச்சி 1903 முதல் 1906 வரை ஐந்து பெருந்தொகுதிகளாக வெளிவந்தது. மணல் அசைவும் பருவக்காற்றும் இளஞ்சிப்பிகளைப் புதைக்கின்றன என்பதையும், உடுமீனும் திருக்கையும் பேரழிவு செய்கின்றன என்பதையும், நெருக்கமாக வளரும் சிப்பிகளை வேறிடங்களுக்கு மாற்றினால் பயன் உண்டாகலாம் என்பதையும் அவர்கள் எடுத்துக்காட்டினர். அதே வேளையில் கடலும் வாரி வழங்கியது. 1905ஆம் ஆண்டின் குளிப்பில் 300க்கு மேற்பட்ட தோணிகளும் ஏறத்தாழ 5,000 சுழியோடிகளும் பங்குகொண்டனர். எடுக்கப்பட்ட சிப்பி ஏறத்தாழ 8 கோடி. அரசாங்கம் பெற்ற வருவாய் ஏறத்தாழ 25 இலட்சம் ரூபா. அத்தகைய குளிப்பு முன்னர் நிகழ்ந்ததில்லை.

இவ்வெற்றியைக் கண்டு இலண்டன் முதலாளிகள் ஒரு கம்பெனியை நிறுவினர். 1906ஆம் ஆண்டில் அக்கம்பெனி ஆண்டொன்றுக்கு 3,10,000 ரூபா வீதம் 20 ஆண்டுகளுக்கு முத்துப் பார்களைக் குத்தகைக்கு எடுத்தது. மூடிய சிப்பியை விற்று வந்த அரசாங்கம், இப்போது மூடிய கடலையே விற்றது எனலாம். 1907ஆம் ஆண்டில் ஒரு குளிப்பு நடந்தது. அதன்பின் பார்கள் வெறுமையாயின. அடுத்த சில ஆண்டுகளில் கம்பெனி கலைந்தது. அளவுக்கு மிஞ்சி அள்ளியதே காரணம் என்பாரும், இயற்கையின் வழக்கமான மாறுதலே காரணம் என்பாரும் உளர். சிப்பி தன் வழித்தோன்றலைப் பாரில் விட்டுச் செல்வதற்கு முன்னரே அதனை அள்ளுவோர், வித்தை உண்டு விளைவை எதிர்நோக்கும் உழவரை ஒப்பர். பங்குப் பத்திரம் வாங்கிய சீமை மக்கள் அறியாத இவ்வுண்மையைக் கரையிலுள்ள எந்தச் சம்மாட்டியும் சொல்லியிருப்பான்.

முத்து வாணிகத்துக்கு இறுதி அடி வேறு திசையிலிருந்து வந்தது. யப்பானில் மிக்கிமோட்டோ என்பவர் 1893ஆம் ஆண்டில் அரைக்கோள முத்தைச் சிப்பியில் வளர்த்துக் காட்டினார். 1920களில் முழு உருண்டையான வளர்ப்பு முத்துகள் உலகச் சந்தைக்கு வந்தன. ஆணிமுத்தின் அருமையே அதன் கிடைத்தற்கருமை. அவ்வருமை நீங்கவே விலை சரிந்தது. 1929ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சி எஞ்சியதையும் தகர்த்தது. பகுரைனிலும் குவைத்திலும் முத்துத் தோணிகள் கரையேறின. அந்நாடுகளுக்கு விரைவிலேயே மண்ணெய் வளம் கைகொடுத்தது. 1932ஆம் ஆண்டில் பகுரைனில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. மன்னார்க் கரைக்கு அத்தகைய மாற்றுச் செல்வம் கிடைக்கவில்லை. 1925ஆம் ஆண்டில் நிகழ்ந்த குளிப்பு சிறுபயனே தந்தது. 1958ஆம் ஆண்டிலும் மன்னார்க் குடாவில் ஒரு குளிப்பு நிகழ்ந்தது. எதிர்க்கரையில் தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை தொடர்ச்சியாகக் குளிப்புகள் நிகழ்ந்தன. அவற்றின் பின்னர்ப் பழைய பேரளவு முத்துக்குளிப்பு இருகரையிலும் மீளவில்லை.

வரலாறு சில வேளைகளில் திசையை மாற்றிவிடுகின்றது. பகுரைனிலிருந்தும் குவைத்திலிருந்தும் மறிச்சுக்கட்டிக்கு உழைப்பைத் தேடிச் சுழியோடிகள் வந்தது ஒரு காலம். 1970கள் தொடக்கம் இலங்கையின் ஆண்களும் பெண்களும் அதே குடா நாடுகளுக்கு உழைப்பைத் தேடிச் செல்லலாயினர். புறப்படு முன்னரே கடன்பட்டு, அக்கடனைத் தீர்க்கவே முதலாண்டு உழைப்போர் அவருட் பலர். முன்பணம் பெற்று மூழ்கிய குடாச் சுழியோடியின் கதை அவர்களுக்கு அந்நியமானதன்று.

அரிப்பிலே நோர்த்து எழுப்பிய மாளிகையின் சுவர்களைக் கடல் ஆண்டுதோறும் அரித்து வருகின்றது. ஏலம் கேட்டவரும், எண்ணியவரும், மந்திரம் ஓதியவரும், மூழ்கியவரும் மறைந்தனர். செட்டியார் தெருவின் கண்ணாடிப் பேழையில் ஒரு முத்துச் சரத்தைக் காணும்போது, அதன் ஒளியை மாத்திரம் காணாது, மன்னார்க் கடலடியில் ஒரு நிமிட நேரம் மூச்சடக்கிச் சிப்பி பொறுக்கிய மனிதனையும் நினைவு கூர்தல் தகும். அவன் எடுத்த முத்தில் பெரும்பாலானவற்றை அவன் கண்டதே இல்லை. அவை சிப்பிக்குள் மூடியபடியே அவன் கையைவிட்டுச் சென்றன.